கரண்ட் வந்தும் ஓடாத மெஷின்

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு பட்டனை ஓங்கி அடித்தார்.

சாதாரண அடி இல்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தியே மெலிந்துபோன கை அது. அந்தக் கையில் அத்தனை பலம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. நாங்கள் செய்து கொடுத்த புது கன்ட்ரோல் பேனல். அதன் முகப்பில் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பட்டன்... எமர்ஜென்சி ஸ்டாப். அவர் அடித்த அடியில் பேனல் கதவே அதிர்ந்தது.

அவர் அடித்து நிறுத்தியது வேறு யாருடைய மெஷினையும் இல்லை. அவரே புரோகிராம் எழுதி, அவரே பெருமையாக ஓட்டிக் காட்ட வந்த மெஷின்.

அதிலும் வேடிக்கை என்னவென்றால், அடிக்கும்போது அந்த மெஷின் ஓடவே இல்லை. கரண்ட் போய் சும்மா நின்றுகொண்டிருந்தது!

நிற்கிற மெஷினை எதற்கு நிறுத்த வேண்டும்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பெயர் சுப்பிரமணி. மொரப்பூர் பக்கம் விவசாயக் குடும்பம். பல வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, தர்மபுரிக்கு வந்து சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டவள். ஃபேக்டரிகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்து, அதற்குள் இருந்து மெஷினை ஓட்டுகிற புரோகிராமையும் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்.

கல்லூரியில் கணக்குப் பிரிவில் சேர ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் இவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூட மாற்றாமல், "உன் கம்பெனியில எனக்கு ஒரு வேலை போட்டுக் குடேன்" என்றார். நான் இன்டர்வியூ வைத்தேன். சமையலறையில்... சட்னி அரைத்துக்கொண்டே. லாஜிக் கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னார். மிக்ஸி சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

அப்படியாக, நாற்பதைத் தாண்டிய வயதில் அவர் என்னிடம் ட்ரெய்னி. நான் 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற ஒரே ட்ரெய்னி.

இரண்டு வாரம் முன்பு அரூர் வாசகி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "எம் பொண்ணு ஃபேக்டரி மெஷினுக்கு புரோகிராம் எழுதற வேலைக்குப் போறா மேடம். புதுசா வர்றவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன்." நானும் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் ஒரு பக்கத்துக்கு விஷயம் கொடுத்துவிட்டார்.

முதலில், இது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காக. நீங்கள் வீட்டில் கிரைண்டர் போடுகிறீர்கள். மாவு வழிகிறதா என்று பார்க்கிறீர்கள். தண்ணீர் தெளிக்கிறீர்கள். சத்தம் மாறினால் ஓடிப்போய் நிறுத்துகிறீர்கள். ஃபேக்டரியில் இத்தனையையும் பேனலுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். பி.எல்.சி. என்று பெயர். சென்சார்கள்தான் அதற்குக் கண். மோட்டார்கள்தான் கை கால். எதைப் பார்த்தால் எதைச் செய்ய வேண்டும் என்று அதற்கு எழுதி வைக்கிறோமே, அதுதான் புரோகிராம்.

செல்போன் ஆப் எழுதுகிறவர் தப்பு செய்தால் போன் தொங்கிப் போகும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். நாங்கள் தப்பு செய்தால் டன் கணக்கில் மாம்பழம் தரையில் கொட்டும். சமயத்தில், அணைத்துப் போட்டாலும் சரியாகாதது ஏதாவது நடந்துவிடும். இந்த வித்தியாசம் மனதில் பதிய ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வர வேண்டியிருக்கிறது.

இவருக்கு நான் கொடுத்த முதல் சொந்த வேலைதான் இந்த மாங்கூழ் ஆலை. சீசனுக்குள் முடித்தாக வேண்டும். பழம் யாருக்காகவும் காத்திருக்காது இல்லையா?

லாரியில் வருகிற பழம் முதலில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் விழுந்து குளிக்கும். அங்கிருந்து, வரிசையாகப் பலகை கோத்த ஒரு பெல்ட் சாய்வாக மேலே தூக்கிப் போகும். எலிவேட்டர் என்போம். மேலே பெண்கள் இரண்டு பக்கமும் நின்று அழுகலைப் பொறுக்கித் தள்ளுவார்கள். அதற்கப்புறம் கொட்டையைப் பிரிக்கிற மெஷின், கூழ் காய்ச்சுகிற இடம் என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய ஆலையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஆள் போய் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பேனலில் கொண்டுவருவதுதான் வேலை.

வாத்தியார் நோட்டும் பேனாவுமாக ஆரம்பித்தார். முதல் குழப்பம் எதில் வந்தது தெரியுமா? பெயர் வைப்பதில்!

தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்க ஒரு சென்சார். அதற்குப் புரோகிராமில் 'மேல்கண்' என்று பெயர் வைத்தார். அழகான பெயர்தான். அடுத்த வாரம் அதற்கும் மேலே இன்னொரு சென்சார் தேவைப்பட்டது. அதற்கு என்ன பெயர்? 'மேல்கண்ணுக்கு மேல்கண்'. அப்புறம் எங்கள் ஃபிட்டர், குழாய் இடிக்கிறது என்று அந்த இரண்டாவதைக் கழற்றிக் கீழே மாட்டிவிட்டார். ஆக, மேல்கண்ணுக்கு மேல்கண் இப்போது மேல்கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அன்றைக்கு அந்தப் புரோகிராமைப் படித்த எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது.

புதிதாக வருகிறவர்களே... எங்கே இருக்கிறது என்று பெயர் வைக்காதீர்கள். என்ன செய்கிறது என்று பெயர் வையுங்கள். 'தொட்டி நிரம்பிவிட்டது' என்று வைத்தால், அதை எங்கே கழற்றி மாட்டினாலும் பெயர் பொய் சொல்லாது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் புரோகிராமைத் திறக்கப் போவது நீங்கள் இல்லை. உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வேறு யாரோ திறப்பார்கள். கொஞ்சம் குறைவாகத் திட்டு வாங்க இது ஒரு வழி.

இரண்டாவது, ஸ்கிரீனில் வருகிற செய்திகள். மெஷின் எதற்காவது நின்றுபோனால், ஏன் நின்றது என்று ஸ்கிரீனில் காட்ட வேண்டும். இவர் எழுதியிருந்தது: 'நிபந்தனை மூன்று நிறைவேறவில்லை.' வகுப்பில் பையன்கள் மூன்று மணி நேரம் இதைக் கேட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஆலையில் ஆபரேட்டர் சிவா மூன்று நொடி பார்த்தார்.

"சார், நான் பாட்டுக்கு சொன்னபடிதான் ஓட்டறேன். இது எதுக்கு எங்கிட்ட நிபந்தனை போடுது?"

வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மனிதர் நல்ல மாணவர். அன்றைக்கே உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினார். 'எலிவேட்டரில் பழம் சிக்கியிருக்கிறது.' 'தொட்டியில் தண்ணீர் குறைவு.' ஆள் பேசுகிற மாதிரி வாக்கியங்கள். சிவாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இவருக்கும் பிடித்துப்போய், தேவையில்லாத இடத்தில்கூட மெஷினைப் பேசவைக்க ஆரம்பித்தார்.

இந்தப் பேச்சுதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. அதில் பாதியாவது.

ஒர்க்‌ஷாப்பில் மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தோம். நான் வரி வரியாகப் பார்த்தேன். சென்சார் ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்? மோட்டார் ஓடச் சொல்லியும் ஓடாவிட்டால்? எல்லாம் நன்றாகப் போகும்போது மெஷின் ஓடுவது பெரிய விஷயமே இல்லை. அதை எழுத ஒரு நாள் போதும். எல்லாம் கெட்டுப்போகும்போது மெஷின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசிக்கத்தான் மீதி மாதம். இதை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்... சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

பேனலைக் கொண்டுபோய் ஆலையில் மாட்டியாயிற்று. நான் கூழ் காய்ச்சுகிற பக்கம் ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கோவிந்தராஜ் அண்ணன் இவரைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அந்த டீயில்தான் வந்தது வினை.

"சார், எல்லாம் நல்லா இருக்குது. ஒண்ணே ஒண்ணு. கரண்ட் போயிப் போயி வருது பாருங்க, வந்தா அதுவே எடுத்துக்கற மாதிரி பண்ணிடுங்களேன். நம்ம கெணத்து மோட்டார் மாதிரி."

கிணற்று மோட்டார் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவருக்குள் இருந்த மொரப்பூர் விழித்துக்கொண்டது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயல் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் நாள் முழுக்க இருக்காது, முறை வைத்துத்தான் வரும். வந்த நேரத்தில் மோட்டார் எடுக்கவில்லையென்றால் அன்றைய தண்ணீர் போச்சு. அதனால் வயலுக்கு வயல் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இங்கே தக்காளிக்குத் தண்ணீர் பாயும். கரண்ட் வந்தும் ஓடாத மோட்டார் என்றால், இந்த ஊரில் அது கெட்டுப்போன மோட்டார்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவருக்கு 'தானாக எடுத்துக்கொள்வது' என்பது எவ்வளவு பெரிய நல்ல குணம்! டீ கிளாஸைக் கீழே வைத்ததுமே லேப்டாப்பைத் திறந்துவிட்டார். கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொரு மோட்டாராக வரிசையாக எடுக்கிற மாதிரி அரை மணி நேரத்தில் எழுதி, பி.எல்.சி.யில் ஏற்றிவிட்டார். புரோகிராமாகப் பார்த்தால் ரொம்ப நேர்த்தி. ஒரு குறை சொல்ல முடியாது.

என்னிடம் சொன்னாரா? சொல்லவில்லை. ட்ரையல் அன்றைக்கு ஓட்டிக் காட்டி அசத்தலாம் என்று வைத்திருந்தாராம்!

மனைவியை அசத்த எத்தனையோ வழி இருக்கிறது. புடவை எடுத்துக் கொடுக்கலாம். சோதித்து முடித்த புரோகிராமில் சொல்லாமல் கொள்ளாமல் கை வைப்பது அதில் சேராது.

ட்ரையல் நாள். சீசன் வேலைக்கு வருகிற பெண்களும் அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார்கள். இதையும் கவனியுங்கள்... அதுவரை நாங்கள் அந்த ஆலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். மெஷின் இருந்தது, முதலாளி இருந்தார், சிவா இருந்தார். அந்த மெஷினோடு நாளெல்லாம் நிற்கப் போகிறவர்கள் மட்டும் இல்லை. சீசன் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு அங்கே என்ன வேலை?

அவர்களில் மூத்தவர் ரத்னம்மா அக்கா. எலிவேட்டர் பக்கம் அவர் ராஜ்ஜியம். வீட்டில் கன்னடம், ஆலையில் தமிழ், அவசரம் என்றால் இரண்டும் கலந்து வரும்.

ஒரு லோடு பழம் கொட்டினார்கள். சிவா பட்டனை அமுக்கினார். தொட்டியில் தண்ணீர் குமிழியிட்டது, எலிவேட்டர் பலகை பலகையாகப் பழத்தைத் தூக்கியது. வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிற அப்பா மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

வெளியே கோடைக் காற்று சுழற்றி அடித்தது. கரண்ட் போய்விட்டது.

எல்லாம் நின்றது. வாத்தியார் மட்டும் சிரித்தார். "இப்ப பாரு" என்று என்னைப் பேனலுக்கு முன்னால் கூப்பிட்டார். பி.எல்.சி.க்கும் ஸ்கிரீனுக்கும் தனியாக யூ.பி.எஸ். உண்டு. அதனால் ஸ்கிரீன் மட்டும் விழித்திருந்தது. அதில் ஒரு வரி.

'கரண்டுக்காகக் காத்திருக்கிறேன். வந்ததும் தானாக ஓடுவேன்.'

படித்ததை இன்னொரு தடவை படித்தேன். 'தானாகவா?' என்று கேட்கத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எலிவேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனதும் ரத்னம்மா அக்கா செய்தது இதுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டி ஓரத்தில் குனிந்து, எலிவேட்டர் பலகைகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டு, சிக்கியிருந்த காம்பையும் இலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல். பக்கத்தில் இன்னொரு பெண்ணோடு ஏதோ பேசிக்கொண்டே.

அது அவர்கள் வழக்கம். ஓடும்போது கை வைக்க முடியாது. நிறுத்தச் சொன்னால் முதலாளி முகம் கடுக்கும். அதனால் கரண்ட் போவதுதான் சுத்தம் செய்கிற நேரம். பழைய மெஷினில் அதனால் ஒரு ஆபத்தும் வந்ததில்லை. ஏனென்றால் பழைய மெஷினுக்கு அறிவு கிடையாது. கரண்ட் வந்தாலும், யாராவது போய்ப் பட்டனை அமுக்கும்வரை மண்ணு மாதிரி நிற்கும். அந்த மந்தத்தனம்தான் இத்தனை வருஷம் அவர்கள் கையைக் காத்தது. நாங்கள் போய் அதற்கு அறிவு கொடுத்துவிட்டோம்!

வெளியே ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அந்த அடி.

ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. ஸ்கிரீனில் 'எமர்ஜென்சி ஸ்டாப்' என்று சிவப்பாக எரிந்தது. எலிவேட்டர் அசையவில்லை. ரத்னம்மா அக்காவின் கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

பட்டன் சத்தத்துக்கு அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஏனாயிது சார்? என்னத்துக்கு அப்பிடி அடிச்சீங்கோ? மெஷினுதான் நிக்குதே!"

வாத்தியார் அந்தப் பட்டனிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். நான்தான் போய் அக்காவின் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். ஈரமாக, மாம்பால் பிசுக்கோடு, வளையல் போட்ட கை. நன்றாக இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. அதற்குமேல் எனக்கு அன்றைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஸ்கிரீனில் அந்த வரியை எனக்குக் காட்டப் பேனல் பக்கம் வந்ததால்தான் பட்டன் அவர் கைக்கு எட்டியது. இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்புப் பட்டன் அவர் புரோகிராமைக் கேட்டு வேலை செய்கிற பட்டன் இல்லை. அது ஒயரிலேயே மோட்டார்களை வெட்டிவிடும். புரோகிராம் என்ன நினைத்தாலும் நடக்காது. எவ்வளவு நல்ல புரோகிராமரையும் நம்பாமல் ஒன்றை வெளியே வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். கட்டிய புருஷனே எழுதினாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வருகிற வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவரைத் திட்டவில்லை. திட்ட நிறைய இருந்தது. ஆனால் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்ததே... தர்மபுரி ஊருக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கெணத்து மோட்டார் பக்கத்துல யாரும் நிக்கறதில்ல. அதான் எனக்கு அது தோணவே இல்ல."

ஆயிரம் பக்கப் புத்தகத்தில் இருக்கிற விஷயம் அந்த ஒரு வரியில் இருந்தது. அவருக்கு லாஜிக் தப்பவில்லை. கணக்கில் ஆள்தான் விட்டுப்போனார். புரோகிராமில் மோட்டார் இருந்தது, சென்சார் இருந்தது, கரண்ட் இருந்தது. ரத்னம்மா அக்கா இல்லை.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போனோம். ஆட்டோ ஸ்டார்ட்டை நீக்கப் போகிறோம் என்றோம். கோவிந்தராஜ் அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் சீசனுக்கு முந்தின வாரம் எந்த முதலாளியும் நல்ல மனுஷனாக இருப்பதில்லை.

"மேடம், எங்க வூட்டு மோட்டாருக்கே ஆட்டோ இருக்குதுங்க. இத்தன பெரிய கம்ப்யூட்டர் வெச்சிட்டு, ஒவ்வொரு தடவயும் ஆளு போயி அமுக்கோணுமா? அப்புறம் இதுக்குப் பேரு என்னங்க ஆட்டோமேஷன்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, உங்க போர்வெல்லுல யாராச்சும் கைய வுடுவாங்களா?"

"அது எங்கியோ பாதாளத்துல கெடக்குது. அதுல எப்பிடி கைய வுடறது?"

"அதாண்ணே. அங்க மோட்டார் தனியாக் கெடக்குது. இங்க அதோட சேந்து ஆளுங்க நிக்கறாங்க."

அண்ணன் யோசித்தார். விடுகிற மாதிரி இல்லை. "அப்ப ஒண்ணு பண்ணலாம். கரண்ட் வந்தா டக்குனு கைய எடுத்துக்கோணும்னு இவுங்ககிட்ட கண்டிஷனா சொல்லிடறேன்."

பழக்கூடையை நகர்த்திக்கொண்டிருந்த ரத்னம்மா அக்கா நிமிர்ந்தார். "கரண்ட் வந்தது எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? ஃபேன் எல்லாம் உங்க பக்கந்தான் இருக்குது. பகல்ல எங்க பக்கம் லைட்டே போட வுட மாட்டீங்களே!"

முதலில் சிவா சிரித்தார், பெண்கள் சிரித்தார்கள், கடைசியில் கோவிந்தராஜ் அண்ணனே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட பிறகு மனுஷனால் ரொம்ப நேரம் பிடிவாதம் பிடிக்க முடியாது என்பது என் அனுபவம்.

இரண்டு நாளில் மாற்றினோம். கரண்ட் வந்தால் மெஷின் தானாக எடுக்காது. முதலில் ஹாரன் அடிக்கும், அப்புறம் சிவா பட்டனை அமுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனையும் பேனலில் இருந்து பிடுங்கி, எலிவேட்டர் முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தோம். எதை ஓட்டப் போகிறோமோ அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதோடு எலிவேட்டர் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். அதைத் திருப்பி நிறுத்திப் பூட்டுப் போட்டுவிடலாம். பூட்டு தொங்குகிறவரை யார் என்ன அமுக்கினாலும் அந்த எலிவேட்டர் ஓடாது. கை வைக்கிறதுக்கு முன்னால் பூட்டு. கரண்ட் இருந்தாலும் பூட்டு, இல்லாவிட்டாலும் பூட்டு.

இந்த யோசனை வாத்தியாருடையது. பூட்டை அவரே கடைவீதியில் போய் வாங்கி வந்தார். சின்னப் பூட்டு, ஒரு சாவியை ரத்னம்மா அக்கா கையில் கொடுத்தார்.

"இன்னொரு சாவி இருக்குமில்ல? அது என் டேபிள்ல இருக்கட்டும் சார். அவசரத்துக்கு ஆவும்" என்றார் முதலாளி.

"டேபிள்ல ஒரு சாவி இருந்தா அப்புறம் அது பூட்டே இல்லீங்கண்ணே" என்றார் இவர். இரண்டாவது சாவியை முதலாளியின் கண் முன்னாலேயே ஒரு பொட்டலமாகக் கட்டி ரத்னம்மா அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

முதல் கஸ்டமர். முதல் வேலை. முதலாளி முகத்தைப் பார்த்து 'முடியாது' என்கிறார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து காய்கறிக்காரரிடம்கூட முடியாது என்று சொல்லாத மனிதர்.

ஆகவே, அரூர் வாசகியின் மகளே... உனக்கு நான் சொல்ல வேண்டியது ரொம்ப இல்லை. முதல் வேலைக்குப் போனால் லேப்டாப்பைத் திறக்காதே. ஒரு நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நில். முதலாளி சொல்வதைக் கேள். ஆனால் அவர் சொல்லாததை மற்றவர்கள் செய்துகொண்டிருப்பார்கள். அதைப் பார். மெஷின் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதைவிட, நிற்கும்போது அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம். டீ குடிக்கும்போது யாராவது 'ஒரு சின்ன சேஞ்ச்' என்றால் டீயை மட்டும் குடித்துவிட்டு வா. புரோகிராமில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முதலிலிருந்து சோதித்துப் பார். சோம்பல் படாதே. தப்பு செய்துவிட்டால், என் வீட்டுக்காரர் மாதிரி ஓங்கி அடித்து நிறுத்தத் தயங்காதே. மானம் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

நேற்றுதான் சீசனின் முதல் நாள். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாம்பழ வாசனை ரோடு வரைக்கும் வந்தது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் கரண்ட் போனது.

ரத்னம்மா அக்கா சுவிட்சைத் திருப்பினார். பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டி ஓரத்தில் குனிந்து கையை உள்ளே விட்டார்.

ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. ஃபேன்கள் சுற்றின. ஹாரன் அடித்தது. பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, மற்ற மெஷின்களை எடுக்க சிவா ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். எலிவேட்டர் அசையவில்லை. ஸ்கிரீனில், வாத்தியார் எழுதிய வரி வந்தது. 'எலிவேட்டர் பூட்டியிருக்கிறது.'

ஆபீஸ் அறையிலிருந்து கோவிந்தராஜ் அண்ணன் வேக வேகமாக வந்தார். "ஏப்பா சிவா, கரண்ட் வந்து எந்நேரமாச்சு? ஏன் ஓடல? லாரி நிக்குது பாரு!"

சிவா எலிவேட்டர் பக்கம் கையைக் காட்டினார்.

ரத்னம்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கையால் துழாவிக்கொண்டே சொன்னார். "சாவி எங்கிட்ட இருக்குதுங்க. கொஞ்சம் இருங்க."

முதலாளி இருந்தார்.